பறிபோன கப்பலும் திரும்பாத பொருளும்





வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு கப்பலின் வரலாறு வருகிறது. கடலில் பாடுபட்டுப் பிழைத்த ஏழைகள் சிலருக்குச் சொந்தமான கப்பல் அது. அவர்கள் செல்லும் வழியில் ஓர் அரசன் இருந்தான். நல்ல நிலையிலுள்ள கப்பல் எதுவாயினும் அதை வலிந்து பறித்துக்கொள்வது அவன் வழக்கம். அதனால்தான் ஹிள்ரு (அலை) அவர்கள் அந்தக் கப்பலில் ஒரு பழுதை உண்டாக்கினார்கள். பழுதுபட்ட கப்பல் அரசனுக்கு வேண்டாததாயிற்று. ஏழைகளின் பிழைப்பு தப்பியது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. பறிப்பவன் கொள்ளைக்காரன் அல்லன், அரசன். அரசனே பறித்தால் பறிகொடுத்தவர் எந்த மன்றத்தில் முறையிடுவார்? கப்பல் பறிபோகாமல் காக்க அங்கே ஒரு வழி கிடைத்தது. பறிபோன பிறகு நியாயம் கேட்டு அலைந்தவர்களின் கதி என்னவாயிற்று? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உண்மை வரலாறு ஒன்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடலும் கப்பலும் தொலைவான செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. அந்த வெள்ளாறு கடலைத் தொடும் இடம் பரங்கிப்பேட்டை. மஹ்மூத் பந்தர் என்று முஸ்லிம் வணிகர்கள் அழைத்த பழந்துறைமுகம் அது. கச்சிராயபாளையத்தில் நாம் காணும் நீர்தான் கப்பல்கள் நங்கூரமிட்ட அந்த முகத்துவாரத்தைச் சென்றடைகிறது. அத்துறையில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் பின்னர் காண்போம்.

கடாரத்தின் பெயர் தாங்கிய கப்பல்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில், அவுரங்கசீப் ஆட்சியின்போது, முகலாயப் பேரரசின் தலையாய துறைமுகமாகச் சூரத் விளங்கியது. ஹஜ்ஜுக்குச் செல்வோரும் செங்கடல் நாடுகளோடு வணிகம் செய்வோரும் அங்கிருந்தே கப்பலேறினர். 1695ஆம் ஆண்டு ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளையன், ஹஜ் பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்த ‘கஞ்ச் இ சவாய்’ என்னும் பெருங்கப்பலைச் சூறையாடினான். பயணிகள் கொல்லப்பட்டனர், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். செய்தி சூரத்தை எட்டியதும் நகரம் கொந்தளித்தது. அங்கிருந்த ஆங்கிலக் கம்பெனியார் சிறைவைக்கப்பட்டனர்.

இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவரி செய்த குற்றத்திற்காகச் சூரத்திலிருந்த ஆங்கிலேயர் அனைவரையும் அடைத்துவைத்தது நீதியின் வழி அன்று. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பதே நம் மார்க்கத்தின் அடிப்படை. முஸ்லிம் அரசின் அதிகாரிகள் செய்தார்கள் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது.

கொள்ளையரைப் பிடிப்பதற்கென்று லண்டனில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவன் பெயர் வில்லியம் கிட். ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மாலுமி. ‘அட்வெஞ்சர் கேலி’ என்னும் 34 பீரங்கிகள் கொண்ட கப்பலுக்கு அவன் தலைவனானான். இங்கிலாந்து அப்போது பிரான்சோடு போரில் இருந்தது. ஆகவே மன்னர் மூன்றாம் வில்லியம் அவனுக்கு இரண்டு அதிகாரப் பத்திரங்களை வழங்கினார். ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, மற்றொன்று கடற்கொள்ளையரைப் பிடிக்க. பயணத்திற்குப் பணம் போட்டவர்களில் அரசவைப் பிரபுக்கள் சிலரும் இருந்தனர். கொள்ளையரிடமிருந்து கைப்பற்றப்படும் பொருளைக் கூட்டாளிகளே பங்கிட்டுக்கொள்ளலாம் என்றும் அவர்கள் மன்னரிடம் உரிமை பெற்றனர்.

சிந்தித்துப் பாருங்கள். கொள்ளையனிடம் இருக்கும் பொருள் யாருடையது? அவன் யாரிடமிருந்து பறித்தானோ அவருடையதன்றோ? பறித்தவனைப் பிடிக்கப் புறப்படும் முன்பே, உரியவரைக் கேளாமல், அவர் பொருளுக்குப் பங்கு பிரித்தாயிற்று. அநீதி கடலில் தொடங்கவில்லை. லண்டனில் எழுதப்பட்ட அந்தக் காகிதத்திலேயே தொடங்கிவிட்டது.

1698ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், கொச்சிக்கு அப்பால் கடலில், வங்கத்திலிருந்து சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு கப்பலைக் கிட் மடக்கினான். ‘கெடா மெர்ச்சன்ட்’ என்பது அதன் பெயர். கெடா என்பது நம் முன்னோர் கடாரம் என்றழைத்த மலாய் நாடேயாகும். பட்டு, மஸ்லின் துணி, சர்க்கரை, அபின், இரும்பு, வெடியுப்பு எனப் பல சரக்குகள் அதில் இருந்தன. அதை வாடகைக்கு அமர்த்தியிருந்தவர்கள் அர்மீனிய வணிகர்கள். பாரசீகத்தின் இஸ்ஃபஹான் நகரையடுத்த புதிய ஜுல்ஃபாவைத் தாயகமாகக் கொண்ட கிறிஸ்தவர்கள் அவர்கள்.

அர்மீனியர் நமக்குப் புதியவர்கள் அல்லர். சென்னைக்குச் செல்வோர் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அங்கே அரண்மனை ஏதுமில்லை. அர்மீனியர் தெரு என்பதே தமிழர் நாவில் அவ்வாறு மருவிற்று. சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தை 1726ஆம் ஆண்டு தம் செலவில் கட்டியவரும் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகரே.

கெடா மெர்ச்சன்ட் கப்பலின் தலைவன் ஓர் ஆங்கிலேயன். ஆயினும் அந்நாளைய வழக்கப்படி, பிரெஞ்சுக்காரரிடம் தொல்லை நேராதிருக்க, பிரெஞ்சு அனுமதிச் சீட்டு ஒன்றும் கப்பலில் இருந்தது. இதை எதிர்பார்த்தே கிட் தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியிருந்தான். நண்பன் என நம்பிச் சீட்டைக் காட்டியவுடன், இது எதிரி நாட்டுக் கப்பல் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டான். கப்பலை விட்டுவிட 20,000 ரூபாய் தருவதாக அர்மீனியர் கெஞ்சினர் என்றும், அவன் அதை மறுத்தான் என்றும் பின்னர் நடந்த விசாரணையில் சாட்சிகள் கூறினர்.

பிரெஞ்சுச் சீட்டு இருந்ததால் பிடித்தது சட்டப்படி சரிதானே என்று கேட்கலாம். இல்லை. போர்க்காலத்தில் பிடிபட்ட கப்பலைக் கடற்படை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அது உண்மையில் எதிரியின் பொருள்தானா என்று நீதிபதி விசாரிப்பார். உரிமை கோருவோர் தம் வாதத்தை அங்கே எடுத்துரைக்கலாம். தீர்ப்பு வந்த பிறகே சரக்கை விற்கவோ பங்கிடவோ முடியும். கிட் அவ்வாறு செய்யவில்லை. கரையோரத் துறைகளிலேயே சரக்கின் பெரும்பகுதியை விற்றான். பணத்தை ஆட்களோடு பங்கிட்டான். கப்பலுக்குப் பெயரையும் மாற்றினான். பிடித்தவனே நீதிபதியாகவும் ஆகிவிட்டான். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்பவனிடம் நீதி ஏது?

லண்டன் சென்ற வணிகர்

சூரத்தில் மீண்டும் புயல் எழுந்தது. முகலாய அதிகாரிகள் ஐரோப்பியக் கம்பெனிகள் அனைத்தையும் நெருக்கினர். கடல்வழிகளைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் பொறுப்பை ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் மூவரும் பகிர்ந்து ஏற்க நேர்ந்தது. கிட் கொள்ளையன் என்று அறிவிக்கப்பட்டான். 1699ஆம் ஆண்டு ஜூலையில் பாஸ்டன் நகரில் கைதாகி, பின்னர் லண்டனுக்கு அனுப்பப்பட்டான்.

அர்மீனிய வணிகர்கள் இதோடு ஓய்ந்துவிடவில்லை. தம்மில் ஒருவரான கோஜா பாபா என்பவரை லண்டனுக்கே அனுப்பினர். எத்துணை தொலைவு! மொழி வேறு, சட்டம் வேறு, நாடு வேறு. அவர் பாரசீக ஷாவின் குடிமகன். ஆங்கில மன்னரின் குடிமகன் அல்லர். 1701ஆம் ஆண்டு, கிட்டின் விவகாரத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் மக்களவை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், தம் சார்பாகவும் பிற அர்மீனியர் சார்பாகவும் அவர் அங்கே மனுச் செய்தார்.

ஆனால் அந்த அவையின் கவனம் வேறிடத்தில் இருந்தது. கொள்ளைப் பொருளைப் பிரபுக்களுக்கு அளித்த அரச உரிமைப் பத்திரம் செல்லுமா, செல்லாதா என்பதே அங்கு நடந்த பெரிய சண்டை. ஒரு கட்சியை மற்றொரு கட்சி வீழ்த்துவதற்கு அவ்வழக்கு ஆயுதமாயிற்று. பொருளுக்கு உரியவர் வாசலில் நிற்க, பொருளைப் பற்றிய வாதம் உள்ளே வேறு காரணத்திற்காக நடந்தது.

1701ஆம் ஆண்டு மே 8, 9 நாட்களில் விசாரணை நடந்தது. தன் ஆள் ஒருவனைக் கொன்றதற்காகவும் கடற்கொள்ளைக்காகவும் கிட் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மே 23ஆம் நாள் அவன் தேம்ஸ் நதிக்கரையில் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கும் முழு நீதி கிடைத்தது என்று கூறுவதற்கில்லை. தன் வாதத்திற்கு ஆதாரம் என்று அவன் கோரிய பிரெஞ்சுச் சீட்டுகள் விசாரணையின்போது அவனுக்குக் கிடைக்கவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் அரசு ஆவணங்களுக்கிடையே அவை கண்டெடுக்கப்பட்டன. அச்சீட்டுகள் அவனைக் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு கேள்வி. குற்றவாளிக்கும் தன் ஆதாரத்தைக் காட்டும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை.

இனி, இந்த வரலாற்றின் இதயப் பகுதிக்கு வருவோம். கிட்டிடமிருந்து கைப்பற்றப்பட்ட சொத்து என்னவாயிற்று? அதன் மதிப்பு 6,400 பவுனுக்கும் மேல். 1705ஆம் ஆண்டு ஆன் அரசியார் அத்தொகையைக் கிரீனிச் மருத்துவமனைக்கு வழங்கினார். முதுமையடைந்த, உடல் ஊனமுற்ற கடற்படை மாலுமிகளைப் பேணுவதற்காக ஏற்பட்ட காப்பகம் அது. நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருடைய பணம் அது? அப்பணத்தில் பங்கு கேட்க வேண்டியவர் ஆயிரக்கணக்கான மைல் கடந்து அதே நகரத்திற்கு வந்து மனுக் கொடுத்தவராயிற்றே!

கப்பலோ கரீபியன் கடலில் கைவிடப்பட்டு மூழ்கிற்று. 2007ஆம் ஆண்டு, டொமினிக்கன் குடியரசின் கத்தலினா தீவருகே, ஆழமற்ற நீரில் பீரங்கிகளின் குவியலாக அதன் எச்சங்கள் கண்டறியப்பட்டன. கடாரத்தின் பெயரைச் சுமந்து சூரத்துக்குப் புறப்பட்ட கப்பல், உலகின் மறுகோடியில் கிடக்கிறது.

நம் ஆற்றின் முகத்துவாரத்தில்

இஃது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 1731ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் கப்பல் ஒன்று 1733ஆம் ஆண்டு பரங்கிப்பேட்டைக்கு வந்தது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட அத்துறையில், நவாபின் அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, அவ்வணிகர்கள் பண்டகசாலை அமைத்துச் சரக்கை இறக்கினர். அடுத்த சில வாரங்களுக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்துப் படையனுப்பி அப்பண்டகசாலையைப் பிடித்துக்கொண்டனர். தமக்குள் ஓயாது சண்டையிட்ட இருவரும், புதிய போட்டியாளனைத் துரத்துவதில் ஒன்றுபட்டனர்.

அனுமதியளித்தவர் நவாப். அவரது மண்ணில் அவரது அனுமதியை அயலார் மிதித்தனர். மார்க்கச் சட்டத்தில் இதற்கு ‘அமான்’ என்று பெயர். அடைக்கலம் பெற்று நம் நாட்டில் வணிகம் செய்ய வந்தவரின் உயிரும் பொருளும், அவர் எம்மதத்தவராயினும், நம்மவரின் உயிரும் பொருளும் போலவே காக்கப்பட வேண்டும். இந்நாட்டு மன்னர்களும் இதனை அறிந்திருந்தனர். 1244ஆம் ஆண்டளவில் காகதீய மன்னர் கணபதிதேவர் ஆந்திரத்தின் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ‘அபய சாசனம்’ ஒன்றைக் கல்லில் பொறித்தார். புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கப்பலின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துவந்தனர் என்றும், தாம் உரிய சுங்கம் தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்றும் அதில் அறிவித்தார். அமான் என்பதும் அபயம் என்பதும் ஒரே பொருளைத் தரும் இருமொழிச் சொற்கள்.

ஸ்வீடன் வணிகர்களின் முறையீடு லண்டனுக்குச் சென்றது. அவர்களின் அரசே அதனைத் தன் வழக்காக ஏற்று வாதாடிற்று. கோஜா பாபாவுக்கு அப்படியொரு தூதர் லண்டனில் இருக்கவில்லை. அயலாரின் நியாயம், அவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்கிறது என்பதை இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் உணர்வர்.

அபூகுபைஸ் மலையில் எழுந்த குரல்

பின்னால் நிற்க எவருமற்ற ஒரு வணிகரை நம் வரலாறும் அறியும். நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்கு முன், யமன் நாட்டின் ஸபீத் பகுதியிலிருந்து ஒருவர் சரக்கோடு மக்காவுக்கு வந்தார். ஆஸ் பின் வாயில் என்னும் குறைஷிப் பிரமுகன் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தான். அவர் பல குலத்தாரிடம் சென்று முறையிட்டார். எவரும் செவிசாய்க்கவில்லை, மாறாக, அவரையே அதட்டினர். பின்னர் அவர் அபூகுபைஸ் மலைமீதேறி, கஅபாவைச் சுற்றி மக்கள் அமர்ந்திருந்த வேளையில், தம் குறையை உரக்க எடுத்துரைத்தார்.

அக்குரல் கேட்டு எழுந்தவர் நபியவர்களின் பெரியதந்தை ஸுபைர் பின் அப்துல் முத்தலிப். அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் பெரியோர் கூடினர். அநீதியிழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும் வரை அவருக்குத் துணைநிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’. பிறகு நேரே ஆஸிடம் சென்று, பொருளை வாங்கி உரியவரிடம் சேர்ப்பித்தனர். இளைஞராயிருந்த நபி (ஸல்) அவர்களும் அவ்வுடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். செந்நிற ஒட்டகங்கள் கிடைப்பதாயினும் அதனைக் கைவிட விரும்பவில்லை என்றும், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றும் பிற்காலத்தில் கூறினார்கள்.

லண்டனையும் மக்காவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனில் பறித்தவனுக்குத் தூக்குக் கிடைத்தது. அவனிடம் எஞ்சிய பொருள் உரியவரைச் சேரவில்லை. மக்காவில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. பொருள் உரியவரைச் சேர்ந்தது. எது நீதி? தண்டனை தேவையே. ஆயினும் அது நீதியின் ஒரு பாதிதான். மறுபாதி, பறிபோனது திரும்புவது.

எனவேதான் ஃபிக்ஹு நூல்களில் ‘கஸ்பு’, அதாவது பிறர் பொருளை வலிந்து பறித்தல், பற்றிய பாடம் ‘திருப்பிக் கொடு’ என்னும் கட்டளையை மையமாகக் கொண்டுள்ளது. பொருள் இருந்தால் அப்பொருளையே கொடுக்க வேண்டும். அழிந்திருந்தால் அதற்கு நிகரானதையோ விலையையோ கொடுக்க வேண்டும். தவ்பா செய்துவிட்டேன் என்று கண்ணீர் வடிப்பதால் இக்கடன் நீங்காது. தர்மம் செய்துவிட்டேன் என்பதாலும் நீங்காது. உரியவர் யாரென்றே தெரியாதபோது அவர் சார்பில் தர்மம் செய்வது ஒரு வழி. உரியவர் வாசலில் நிற்கும்போது அவர் பொருளை எடுத்து மருத்துவமனைக்குக் கொடுத்தாலும், பள்ளிவாசலுக்கே கொடுத்தாலும், அது தர்மம் ஆகாது. மோசடிப் பொருளிலிருந்து செய்யப்படும் தர்மம் ஏற்கப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

நம் சந்தையில் நிற்கும் அயலார்

வாசகர்களே! கப்பலைப் பறிக்க நம்மால் இயலாது. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் புளியும் சுமந்து கீழே இறங்கிவரும் மலைவாழ் மக்களைப் பாருங்கள். தராசு நம்முடையது, விலை சொல்பவர் நாம், கணக்கு எழுதுவதும் நாமே. எடையில் கால் கிலோ குறைந்தால் அவர் எங்கே முறையிடுவார்? மாலைக்குள் மலையேற வேண்டிய கவலையில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வடநாட்டிலிருந்து போர்வை மூட்டையோடு வந்து தெருத்தெருவாக விற்பவரிடம் தவணைக்கு வாங்கிவிட்டு, அடுத்த மாதம் அவர் வரும்போது கதவைத் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தாம் நம் ஊரின் கோஜா பாபாக்கள். அவர்களுக்காகப் பேச இங்கே தூதர் எவருமில்லை.

அத்தகையவர் குரல் கேட்கும்போது நம் ஜமாஅத்தில் ஒருவரேனும் எழுந்து, ‘இவர் யாராயினும் இவர் உரிமை இவருக்கே’ என்று சொல்ல வேண்டும். குற்றவாளியைக் கண்டித்து அபராதம் வசூலித்து, அதைப் பொதுநிதியில் சேர்த்துவிட்டு, பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பும் பஞ்சாயத்துகள் நடைபெறும் இடங்களில், கிரீனிச் மருத்துவமனையின் கதையை நினைவூட்டுங்கள். முதலில் உரியவருக்கு உரியது சேரட்டும்; அபராதம், கண்டனம் எல்லாம் அதன் பிறகு.

இன்றிரவு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்குப் பார்ப்போம். கைமாற்றாக வாங்கித் திருப்பாத தொகை, வரப்பை நகர்த்திச் சேர்த்த நிலம், பங்கு பிரிக்கையில் சகோதரிக்குத் தராத சொத்து, கூலியில் பிடித்தம் செய்து மறந்துபோன ஐம்பது ரூபாய்: இவற்றில் ஏதேனும் நம்மிடம் இருப்பின், அது நம் வீட்டில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் பிறருடைய கப்பல். உரியவர் உயிரோடிருக்கும்போதே அதைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் அரசனுக்குப் பின்னால் அணிவகுக்கும் நிலையிலிருந்து நம் அனைவரையும் காத்து, அநீதியிழைக்கப்பட்டவரின் குரலுக்கு எழுந்து நின்ற நல்லோரின் வழியில் நடக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.